இருபத்தொன்றுக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி

எங்கள் சார் பொய் சொல்லாத மனிதர். இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை, புகாராகத்தான் சொல்கிறேன். வாய் கூசாமல் பொய் சொல்கிற மேலதிகாரிகளிடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களால் எனக்கு இவ்வளவு தலைவலி வந்ததில்லை.

பெங்களூரில் ஒரு பரிசோதனைக் கூடம். ரத்தத்திலுள்ள செல்களை வளர்த்து, அவற்றின் குரோமோசோம்களைக் கண்ணாடித் தகட்டில் விரித்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று எழுதித் தருகிற பிரிவுக்கு அவர் தலைவர். வரவேற்பறையை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, அவர் எழுதியதை வருகிறவர்களுக்குப் புரியும்படி சொல்வது என் வேலை. கதவில் ‘மரபணு ஆலோசகர்’ என்று பலகை தொங்கும். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் நான் ‘ரிப்போர்ட் சொல்ற மேடம்’. அவர் எழுதுவார், நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அவர் ஓய்வு பெறும்வரை இப்படித்தான் ஓடியது.

ஒடிசலான ஆள். தாத்தா காலத்திலேயே மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து மல்லேஸ்வரத்தில் தங்கிவிட்ட குடும்பம். தமிழில் தொடங்கிய வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார், அவருக்கே தெரியாது. அரைக்கைச் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. அந்தக் கண்ணாடியை மேஜை முழுக்கத் தேடுவார். ‘தலைல இருக்கு சார்’ என்று நாங்கள் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் ‘ஆமா, இருக்கு’ என்று ஒப்புக்கொள்வார். இருப்பது எதையும் அவர் மறுத்ததில்லை. சிக்கலே அங்கேதான்.

வரவேற்பில் இருந்த பெண்ணின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விசேஷம் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. எல்லோரும் குழந்தையைக் கையில் வாங்கி, ‘அப்படியே அப்பா ஜாடை’ என்று கடமையைச் செய்துவிட்டுச் சாப்பிடப் போனோம். சார் குழந்தையை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் கீழ இருக்கும்மா.”

குழந்தையின் பாட்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. அதைக் கவனித்த சார் ஆறுதலாக ஒன்று சொன்னார்: “தப்புன்னு சொல்லல. இருக்குன்னு சொன்னேன்.”

இதுதான் அவருடைய வாக்கியம். வாழ்நாள் முழுக்க அந்த மனிதர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதற்குப் பிறகு மூன்று டாக்டர்களிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது, யார் பேச்சையும்தான் கேட்பதில்லை.

எதிரே இருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டு காபி குடிக்கும்போதும் இதே கதைதான். “இன்னைக்கு ரெண்டாவது டிகாஷன்” என்பார், கூட்டத்துக்கு நடுவில், உரக்க. கல்லாவில் இருப்பவர் முறைத்தால், “தப்பு அந்த ஹேள்லில்லப்பா, இதெ அந்த ஹேள்தெ” என்று அதே வாக்கியத்தைக் கன்னடத்தில் எடுத்து விடுவார். கல்லாக்காரர் என்னைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவரோடு காபி குடிக்கப் போவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்தேன்.

நான் இதே பெங்களூரில் அல்சூர்க்காரி. எங்கள் தெருவில் ஒருத்தரிடம் ஒன்றைச் சொல்லுமுன், அது அவர் வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று யோசித்துவிட்டுத்தான் சொல்வார்கள். இல்லையென்றால் சண்டை மூட்டுவதற்காகவே சொல்வார்கள். இரண்டும் இல்லாமல், இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைச் சொல்கிற ஆள் என்று நான் முதலில் பார்த்தது இவரைத்தான்.

பிரிவில் அவருக்கு ‘ப்ளஸ் சார்’ என்று பெயர். அதற்கு ஒரு சின்ன விளக்கம் வேண்டும். நம் செல்லில் நாற்பத்தாறு குரோமோசோம்கள். அதில் பதிமூன்று, பதினான்கு, பதினைந்து, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எண் போட்ட ஐந்து ஜோடிகளுக்குத் தலை குட்டை. அந்தக் குட்டைத் தலையில் மெல்லிசாக ஒரு காம்பு இருக்கும். ரைபோசோம் ஆர்என்ஏவைச் செய்கிற மரபணுக்கள் இருப்பது அந்தக் காம்பில். உடம்புக்கு வேண்டிய புரதத்தை எல்லாம் செய்கிற பட்டறை ரைபோசோம். பட்டறையைக் கட்டுகிற சாமான் இந்த ஆர்என்ஏ. சாமான் ஏராளமாக வேண்டும் என்பதால் ஒரே மரபணு அடுத்தடுத்து, திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளிடமும் காம்புக்குக் காம்பு மாறும். கூடுதலாக இருந்தால் காம்பு நீளமாகத் தெரியும். மூக்கு நீளம் மாதிரிதான். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரும். அதனால் நோய் என்று கிடையாது.

நிறைய கூடங்களில் இதைப் பார்த்துவிட்டு எழுதாமல் விட்டுவிடுவார்கள். எங்கள் சார் எழுதுவார். குரோமோசோமின் எண்ணைப் போட்டு, காம்பைக் குறிக்கிற நாலு ஆங்கில எழுத்தைப் போட்டு, கடைசியில் ஒரு கூட்டல் குறி. கீழே ‘இது இயல்பான வேறுபாடு’ என்று ஒரு வரி. கூட்டல் குறியைப் பார்த்த பிறகு கீழ்வரியைப் படித்த மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தக் காம்புகள்மேல் அவருக்கு இருந்த பிரியம் எனக்குப் புரியாமல் இல்லை. வெள்ளிச் சாயம் ஏற்றிய தகட்டைக் காட்ட ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டார். வேலை செய்கிற காம்புகளில் மட்டும் கருப்பாகப் புள்ளி விழுந்திருந்தது. குட்டைத் தலை குரோமோசோம்கள் நாலைந்து தலையோடு தலை சேர்ந்து நின்றன. “பாருங்க, வம்பு பேசறாங்க” என்றார். அவர் ஹாஸ்யமாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இப்படித் தலை சேர்ந்திருந்த இரண்டை, ஒட்டிப்போன குரோமோசோம் என்று நினைத்து ரிப்போர்ட் எழுதிவிட்டாள். அது வெளியே போயிருந்தால் ஒரு குடும்பம் ஆயுசுக்கும் பயந்து செத்திருக்கும். சார் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, அடுத்தடுத்து செல்களாகப் பார்த்து, “ஒட்டல. பேசிட்டுதான் இருக்கு” என்று திருத்தினார். அந்த மாதிரி சமயங்களில் இவருக்குக் கோவில் கட்டலாம் என்று தோன்றும். அடுத்த வாரமே இடிக்கலாம் என்று தோன்றும்.

மஞ்சுளா வந்தது மழைக்காலத்தில். ஹெப்பகோடியில் குடியிருந்தாள், பக்கத்துத் தொழிற்பேட்டையில் அவளுக்கும் கணவனுக்கும் வேலை. சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம். இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. டாக்டர் கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் பார்க்கச் சொல்லியிருந்தார். கணவனுக்கு ஷிஃப்ட் ஒத்துவரவில்லை என்று இவள் மட்டும் ரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரி. இருபத்தொன்றின் காம்பு மட்டும் நீளம். அதாவது கூட்டல் குறி.

நான் பொறுமையாகச் சொன்னேன். அவள் கெட்டிக்காரி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். “மச்சம் மாறிங்களாக்கா?” என்றாள். அதேதான் என்றேன். சிரித்துக்கொண்டு போனாள்.

ரெண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தாள். கூடவே கணவனும், கணவனின் அக்காவும். அக்காவின் மகன் வைட்ஃபீல்டில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அவன் ரிப்போர்ட்டைப் பார்த்து, நடுவில் இருந்த நாலு எழுத்தை விட்டுவிட்டு ‘21’ என்றும் ‘+’ என்றும் போனில் தட்டியிருக்கிறான். போன் என்ன சொல்லும்? இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று முழுசாகக் கூடுதலாக இருந்தால் வருவது டவுன் சிண்ட்ரோம். அதைச் சொல்லிவிட்டது.

“இன்னா மேடம் இது? மூள வளர்ச்சி இல்லாத கொழந்ததான் பொறக்கும்னு எம்புள்ள சொல்றான். அதத்தான் நீங்க ப்ளஸ்ஸுன்னு போட்டு வச்சிக்கிறீங்களா?”

கூட்டல் குறி எண்ணுக்கு முன்னால் வந்தால் அந்த அர்த்தம்; இங்கே பின்னால் வந்திருக்கிறது, இது காம்பின் நீளம் மட்டும்தான் என்று சொன்னேன். படம் வரைந்து காட்டினேன். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைப் பற்றி அப்படிப் பேசக் கூடாது என்றும் சொன்னேன். தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, “முன்னாடி வந்தா இன்னா, பின்னாடி வந்தா இன்னா? ப்ளஸ் இருக்குதா இல்லியா, அதச் சொல்லுங்க” என்றாள்.

கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி உலுக்கலாம் போல இருந்தது எனக்கு. மஞ்சுளா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஊருக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு நடக்கிறது என்று வாசலிலேயே என் காதில் போட்டிருந்தாள். பெரிய மனிதர் வாயால் சொன்னால் எடுபடும் என்று நினைத்து உள்ளே ஓடினேன்.

“சார், வந்து ‘ஒண்ணும் இல்லம்மா’ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தப் பொண்ணு வாழ்க்க போவுது சார்.”

“ஒண்ணும் இல்லேன்னு எப்படிம்மா சொல்றது? காம்பு நீளமா இருக்கே.”

“அப்ப அந்த வரிய எடுத்துட்டு வேற ரிப்போர்ட் குடுங்க. எத்தனையோ லேப்ல எழுதறதே இல்ல.”

“பார்த்தாச்சும்மா. பார்த்தத எப்படிப் பார்க்கலேன்னு எழுதறது?”

“பார்க்கலேன்னு எழுதச் சொல்லல சார். எழுதாம இருங்கன்னு சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். பிறகு, வெளியே ஒரு பெண்ணின் தலைக்குமேல் கத்தி தொங்கிக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். மனிதனின் மரபணுவை முழுக்கப் படித்தாகிவிட்டது என்று உலகம் கொண்டாடிய காலத்திலும் இந்தக் காம்புகளை விட்டுவிட்டுத்தான் கொண்டாடினார்களாம். ஒரே மாதிரி எழுத்து திரும்பத் திரும்ப வருவதால் எது எங்கே என்று படிக்க முடியவில்லை. அந்த இடத்தில் வெறும் இடைவெளி விட்டு வரைபடம் போட்டார்களாம். வெகுகாலம் கழித்துத்தான் படிக்க முடிந்ததாம். “விட்டவங்க விட்டாங்க. நான் விடறதா இல்ல. எழுதாம விட்டதுனாலதான் இன்னிக்கும் யாருக்கும் இத பத்தித் தெரியல. பத்துப் பேருக்கு எழுதினா பதினோராவது ஆளு பயப்பட மாட்டான்” என்றார். நியாயம்தான். ஆனால் மஞ்சுளா அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி. இதை நான் சொன்னபோது அவர் நிஜமாகவே கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, “நான் வந்து சொல்றேன்” என்று எழுந்தார்.

அறைக்கு வந்தார். அக்கா எழுந்து நின்றாள். “சார், நீங்களே சொல்லுங்க. ப்ளஸ் இருக்குதா?”

“இருக்கு” என்றார் சார்.

எனக்கு அவரை அங்கேயே ஏதாவது செய்துவிடலாம் போல இருந்தது.

“ஆனா தப்புன்னு சொல்லல. இருக்குன்னு சொன்னேன். இதனால கரு கலையாது. இதனால கொழந்தைக்கு ஒண்ணும் வராது.”

“அப்ப எதனால கலஞ்சிச்சி?”

“அது தெரியாதும்மா. பல பேருக்குத் தெரியாமலே போயிடும். உங்க தம்பியும் ரத்தம் குடுத்தா அவர் பக்கமும் பார்க்கலாம்.”

தெரியாது என்ற வார்த்தையையும் இருக்கு என்ற வார்த்தையையும் அக்கா முந்தானையில் முடிந்துகொண்டாள். நடுவில் சொன்ன நாலு நல்ல வார்த்தைகளும் அந்த அறையிலேயே கிடந்தன. போகும்போது மஞ்சுளா மட்டும் திரும்பி, “வரேங்க சார்” என்றாள். சார் திருப்தியாகத் தலையாட்டினார். எல்லாம் தெளிவாகச் சொல்லியாகிவிட்டது என்ற திருப்தி.

பத்து நாளில் அவளை வாணியம்பாடிக்கு அனுப்பிவிட்டார்கள். ‘கொஞ்ச நாளைக்கு’ என்று சொல்லி அனுப்பினார்களாம். எங்கள் பக்கத்தில் அந்தக் கொஞ்ச நாளுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் போன் செய்தேன். ஷூ கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

“நீங்க சொன்னத நான் நம்பறேங்க்கா. நான் நம்பி இன்னா பண்றது?” என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் சாரிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்திருந்தால் சொல்லியிருப்பாரே.

பிறகு ஒரு காலை, வேறு யாரோ ஒருத்தரின் ரிப்போர்ட்டைக் கேட்க உள்ளே போனேன். சார் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் அவர் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். செல் வளர்க்கிற திரவம் புதிதாக வந்திருந்தது. நோயாளிகளுக்குப் பயன்படுத்துமுன் நன்றாக இருக்கிற ஓர் ஆளின் ரத்தத்தைப் போட்டு அது சரியாக வளர்கிறதா என்று பார்ப்பார்கள். எப்போதும் அவர் ரத்தம்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வேறு யாராவது கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“என்னோடதுல ஒரு சௌகரியம் இருக்கும்மா. இருபத்தொண்ணுல காம்பு நல்ல நீளம். சாயம் சரியா ஏறியிருக்கான்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும்.”



“உங்களுக்கும் இருக்கா சார்? அதே இருபத்தொண்ணுல?”

“ஆமா. எங்கப்பாவுக்கும் இருந்திருக்கணும்.”

“உங்களுக்கு எத்தன பசங்க?”

“மூணு. உங்களுக்குத் தெரியாதா? பெரியவ மைசூர்ல இருக்கா.”

“அத அன்னைக்கு அந்த ரூம்ல ஏன் சார் சொல்லல?” என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பெண் ஊசியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“அவங்க என் ரிப்போர்ட்டக் கேக்கலையேம்மா” என்றார் சார். நடிப்பு இல்லை. நிஜமாகவே அவருக்குத் தோன்றவில்லை. ஊரில் உள்ளவர்களின் காதையும் காபியையும் பற்றிச் சொல்கிற மனிதருக்கு, சொல்லியே ஆக வேண்டிய ஒன்று தன் உடம்புக்குள்ளேயே இருந்தும் வாயில் வரவில்லை. நான் அழுதேன் என்று நினைக்கிறேன். கத்தவும் செய்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மேலதிகாரியிடம் பேசக் கூடாத பேச்சு என்று மட்டும் பிறகு அந்தப் பெண் சொன்னாள்.

அவர் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, “நம்பர் இருக்கா?” என்றார்.

கணவனின் நம்பருக்கு என் போனிலிருந்தே போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அக்காதான் எடுத்தாள். நான் யார் என்று சொல்லி, சார் பேசுகிறார் என்று போனை அவர் முன்னால் நீட்டினேன். சார் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“அம்மா, அந்த ரிப்போர்ட் எழுதினவன் பேசறேன். உங்க வீட்டுப் பொண்ணுக்கு இருக்கறது எனக்கும் இருக்கு. அதே இருபத்தொண்ணு, அதே ப்ளஸ். எனக்கு மூணு கொழந்தைங்க. மூணும் நல்லா இருக்காங்க. இத அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன்.”

அந்தப் பக்கம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

“அதுக்கு இன்னா சார்? நீங்க ஆம்பள. உங்களுக்கு இருந்தா யாரு கேக்கப்போறாங்க?”

சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். கோபமாகக்கூட வைக்கவில்லை.

சார் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்திருந்தது.

“நான் சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும் இல்லையாம்மா?” என்று என்னிடம் கேட்டார்.

“புரிஞ்சிருக்கு சார்” என்றேன். “தப்பு இல்லேன்னு அவங்களுக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கு.”